வாக்குச் சீட்டில் ஒரு வினா

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

“அமெரிக்காவில் இடைத்தேர்தல் வரப்போகிறதாமே, எந்த எம்.எல்.ஏ. இறந்துபோனார்?” என்று விடுதி நண்பன் ஒருவன் என்னைக் கேட்டான். கையில் நாளிதழை வைத்துக்கொண்டுதான் கேட்டான். அவன்மீது குற்றமில்லை. நம் நாட்டில் ஓர் உறுப்பினர் மறைந்தாலோ, பதவி விலகினாலோ அந்தத் தொகுதிக்கு மட்டும் நடப்பது இடைத்தேர்தல். நாளிதழில் இருந்ததோ ‘இடைக்காலத் தேர்தல்’ என்ற சொல். ஒரு சொல் இடையில் புகுந்து பொருளையே மாற்றிவிட்டது.

நண்பனுக்கு விளக்கம் சொல்லப் போய் நூலகத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. அமெரிக்க வாக்காளரின் சீட்டில் வேட்பாளர் பெயர்கள் மட்டுமல்ல, வினாக்களும் இருக்கின்றன. நம் பழனி மலைத்தொடரில் அப்படி ஒரு வினா நம்மிடம் என்றேனும் கேட்கப்பட்டதா என்று எண்ணிப் பார்த்தேன். கேட்கப்பட்டது. அதற்கு நான் சொன்ன விடையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அமெரிக்காவைக் காண்போம்.

இடைக்காலத் தேர்தல் என்பது யாது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவருடைய பதவிக்காலத்தின் நடுவே, 2 ஆண்டுகள் முடியும் தறுவாயில், நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமையை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையில் நடப்பதே இடைக்காலத் தேர்தல். முந்தையது 2022 நவம்பர் 8-இல் நடந்தது. அடுத்ததற்குரிய நாள் 2026 நவம்பர் 3. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கும் உரிய ஆண்டு 2026 என்பது ஒரு பொருத்தம்.

அன்று குடியரசுத் தலைவர் பதவிக்குத் தேர்தல் இல்லை. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட் சபையின் 100 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் தேர்தல் நடைபெறும். இவற்றோடு 50 மாநிலங்களில் 36 மாநிலங்கள் தத்தம் ஆளுநரையும் தேர்ந்தெடுக்கின்றன.

ஆளுநர் என்றதும் நம் கண்முன் வருவது கிண்டி ஆளுநர் மாளிகையில் இருப்பவர். நம் ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அமெரிக்க ஆளுநரோ மக்கள் நேரடியாக வாக்களித்து அமர்த்தும் மாநில ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சர் செய்யும் வேலையை அவர் செய்கிறார். ஆனால் நம் முதலமைச்சர் சட்டமன்றப் பெரும்பான்மையை இழந்தால் பதவியும் போய்விடும். அங்கே சட்டமன்றம் ஒரு கட்சியிடமும் ஆளுநர் பதவி மறு கட்சியிடமும் இருந்தபடியே ஆட்சி நடக்கும்.

அத்தோடு சீட்டு முடிவதில்லை. மாநிலத் தலைமை வழக்கறிஞர், கணக்கு அதிகாரி, பல மாநிலங்களில் நீதிபதிகள், மாவட்டக் காவல் தலைவர், பள்ளிக் குழு உறுப்பினர் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். தேர்தலை நடத்தும் மாநிலச் செயலரே பல மாநிலங்களில் ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று வென்று வருபவர். தேர்தலை நடத்தவென்றே 1950 ஜனவரி 25-இல் தனி ஆணையம் கண்ட நமக்கு இது வியப்பைத் தரும். எல்லாவற்றிலும் அவர்கள் நமக்கு முன்னோடி என்று நாம் தலைவணங்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆளை அன்றிப் பொருளைக் கேட்டல்

இப்போது நம் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். பெயர்களெல்லாம் முடிந்தபின் அந்தச் சீட்டில் சில வினாக்கள் வரும். “இந்த வரியை இந்த அளவுக்குள் நிறுத்தலாமா?”, “இந்தச் சட்டத்தை ஏற்கலாமா?” என்பதுபோல. வாக்காளர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். கலிபோர்னியாவில் இதனைப் ‘புரொபசிஷன்’ என்கிறார்கள். ஊர் அளவில் வருவது ‘மெஷர்’. வேறு மாநிலங்களில் வேறு பெயர்கள் உண்டு. நாம் ‘வாக்குச்சீட்டு வினா’ என்று வைத்துக்கொள்வோம்.

வினா சீட்டில் ஏறுவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சட்டமன்றமே மக்களிடம் அனுப்புவது. மாநில அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால், டெலவேர் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் மக்களின் ஒப்புதல் வேண்டும். இரண்டாவது, குடிமக்களே ஒரு சட்டத்தை எழுதி, கையெழுத்துத் திரட்டிச் சீட்டில் ஏற்றுவது. மூன்றாவது, சட்டமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்காவிட்டால், கையெழுத்துத் திரட்டி அதனை மக்கள் தீர்ப்புக்கு இழுப்பது. இரண்டாவதும் மூன்றாவதும் எல்லா மாநிலங்களிலும் இல்லை. ஏறத்தாழப் பாதி மாநிலங்களில்தான் உண்டு. 1898-இல் தெற்கு டகோட்டா இதனை முதலில் ஏற்றது. 1902-இல் ஆரிகன் ஏற்றது. 1911-இல் கலிபோர்னியா ஏற்றது. ரயில்வே முதலாளிகள் சட்டமன்றங்களைக் கைக்குள் வைத்திருந்த காலத்தில், அவர்களைத் தாண்டிச் செல்ல மக்கள் கண்ட வழி இது.

கையெழுத்து என்றால் கல்லூரி வாசலில் போடும் கையெழுத்து அன்று. கலிபோர்னியாவில் ஒரு சட்டத்தை முன்வைக்க, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காட்டு அளவுக்குப் பதிவுபெற்ற வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். அரசியலமைப்பைத் திருத்த 8 விழுக்காடு. கையெழுத்துகள் சரிபார்க்கப்படும். போட்டவர் வாக்காளர் அல்லர் என்றால் தள்ளப்படும்.

இடைக்கால ஆண்டுகளில் வந்த மூன்று வினாக்களைக் காண்போம்.

1978 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் 13-ஆம் எண் வினா வந்தது. வீடு, நிலம் ஆகியவற்றின்மீதான வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டிவைக்கலாமா என்பதே அது. ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றனர். வீட்டுக்காரர் மூச்சு விட்டார். ஆனால் அந்த வரியை நம்பியிருந்த பள்ளிகளும் உள்ளாட்சிகளும் மாநில அரசின் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

2018 நவம்பரில் புளோரிடாவில் 4-ஆம் திருத்தம் வந்தது. குற்றத்துக்காகத் தண்டனை முழுவதையும் அனுபவித்து வெளிவந்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தரலாமா? (கொலை, பாலியல் குற்றம் ஆகியவை இதில் சேரா.) அந்த மாநிலத்தில் திருத்தத்திற்கு 60 விழுக்காடு வேண்டும். 64 விழுக்காட்டுக்கும் மேல் கிடைத்தது.

மூன்றாவது வினா நம் மலைக்கு மிக நெருக்கமானது. கலிபோர்னியாவில் ‘சவுத் லேக் டாஹோ’ என்று ஒரு சிற்றூர். மலைமேல், ஏரிக்கரையில், சுற்றுலாவை நம்பி வாழும் ஊர். நம் கொடைக்கானலுக்கு உடன்பிறப்பு எனலாம். குடியிருப்புத் தெருக்களில் இருக்கும் வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுவதை நிறுத்தலாமா என்ற ‘மெஷர் டி’ வினா 2018 நவம்பரில் அவ்வூர் மக்கள்முன் வந்தது. வாடகையால் பிழைப்பவர் ஒரு பக்கம், இரவெல்லாம் கூச்சலும் வண்டிச் சத்தமும் தாங்காத அண்டை வீட்டார் மறுபக்கம். 58 வாக்கு வேறுபாட்டில் ‘ஆம்’ வென்றது. ஐம்பத்தெட்டே வாக்குகள்! நம் வகுப்பறை ஒன்றின் மாணவர் எண்ணிக்கை. ஆனால் 2025-இல் நீதிமன்றம் அந்த முடிவு அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. மக்கள் கேட்கப்பட்டார்கள், சொன்னார்கள், அதற்குமேலும் ஒரு படி இருந்தது.

நம் பொத்தான் என்ன சொல்லும்?

இனி மலைக்கு வருவோம். கொடைக்கானல் என்னும் ஊரை உண்டாக்கியவர்களே அமெரிக்கர்கள்தாம் என்பதைப் பலர் அறியார். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி 1845-இல் மலைமேல் இரண்டு பங்களாக்கள் கட்டினர். அதுவே தொடக்கம். 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து ஏரியை அமைத்தார். அமெரிக்கர் வந்தனர், பள்ளி வந்தது, தேவாலயம் வந்தது. அவர்கள் நாட்டு வாக்குச்சீட்டு வினா மட்டும் மலையேறவில்லை!

கொடைக்கானல் வட்டம் பழனி சட்டமன்றத் தொகுதியில் அடங்கியது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் இது 127-ஆவது. மலையடிவாரத்தில் முருகன் கோயில் நகரமும், மலைமேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஏரி நகரமும், அதற்கும் அப்பால் எங்கள் மேல்மலைப் பூண்டு வயல்களும் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றன. கீழே நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் வேண்டும். மேலே உருளைக்கிழங்குக்கு விலை வேண்டும், காட்டெருமைக்கு வேலி வேண்டும். இத்தனை வேண்டுதல்களும் ஒரு பொத்தானுக்குள் அடங்க வேண்டும்.

அந்தப் பொத்தானில் பெயர் ஏறும் வழி இது. வேட்பாளருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். காப்புத்தொகை 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5,000 ரூபாய். பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அத்தொகை போய்விடும். இதைத்தான் ‘டெபாசிட் போச்சு’ என்கிறோம்.

பெயரைவிடச் சின்னத்துக்கு வலிமை அதிகம் என்பதை நம் திண்டுக்கல்லே நாட்டுக்குக் காட்டியது. 1973 மே 20-இல் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில், முந்தைய ஆண்டு எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றார். அச்சின்னம் கண்ட முதல் வெற்றி அது. அன்று மாநிலத்தை ஆண்ட கட்சி மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. இடைத்தேர்தலுக்கும் இடைக்காலத் தேர்தலுக்கும் வேறுபாடு கேட்ட என் நண்பனுக்கு இந்த எடுத்துக்காட்டைத்தான் சொன்னேன்.

வாக்கின் மதிப்பை நாம் குறைத்து எண்ணவில்லை. கும்பக்கரைக்கு மேலே பழைய நடைபாதையில் இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்கு, வண்டி போகாத காரணத்தால், தேர்தல் பொருள்கள் குதிரைமீது ஏற்றிக் கொண்டுசெல்லப்பட்ட தேர்தல்கள் உண்டு. ஒரு சிற்றூரின் சில நூறு வாக்குக்காக அரசு மலையேறுகிறது என்றால் அது பெருமைதான். 2013 செப்டம்பர் 27-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், நிற்பவர் எவரும் வேண்டாம் என்று சொல்ல ‘நோட்டா’வும் வந்தது. அதுவும் ஆளைப் பற்றிய விடைதான். பொருளைப் பற்றிய விடை அன்று.

2024 ஏப்ரல் 19-இல் மக்களவைத் தேர்தலில் நான் என் முதல் வாக்கை அளித்தேன். பொத்தானை அழுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு 7 நொடி தெரிந்து விழுந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் எங்கள் ஊர்ச் சண்டை எதையும் அந்தச் சீட்டு கேட்கவில்லை.

மலையின் வினாக்கள் போன இடம்

அப்படியானால் மலையின் வினாக்களுக்கு யார் விடை சொன்னார்கள்?

கொடைக்கானலில் எத்தனை மாடி கட்டலாம் என்பது ஒரு பெரிய வினா. 1990-களில், அனுமதிக்கு மேல் பல மாடிகள் எழுந்த ஒரு விடுதியை எதிர்த்து, 1985-இல் தோன்றிய ‘பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில்’ என்னும் அமைப்பு வழக்காடியது. வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மலைக்கு எத்தனை வண்டி வரலாம் என்பது இன்னொரு வினா. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் எல்லை கட்டியது. வண்டி நெரிசலில் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைகள் மகிழ்ந்தனர். சீசனில் சம்பாதித்து ஆண்டு முழுவதும் உண்ணும் குதிரைக்காரரும் கடைக்காரரும் முணுமுணுத்தனர். இரு சாராரும் நீதிமன்றத்தில் வாதாடலாம், மனுக் கொடுக்கலாம். ஆனால் மலைமேல் குடியிருக்கும் ஒவ்வொருவரையும் எண்ணி, ‘ஆமா, இல்லையா’ என்று கேட்டவர் இல்லை. நீதிமன்றம் செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. கேட்க வேறு இடம் இல்லாதபோது வினாக்கள் அங்கே போய்ச் சேருகின்றன என்கிறேன்.

இந்தியா வினாக் கேட்டதே இல்லையா?

கேட்டிருக்கிறது. 1954 அக்டோபர் 18-இல் புதுச்சேரியை அடுத்த கீழூரில், பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு இணையலாமா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அது பிரதிநிதிகளிடம் கேட்டது.

மக்களிடமே கேட்டது கோவாவில். 1967 ஜனவரி 16-இல், கோவா மகாராட்டிரத்தோடு சேர வேண்டுமா, தனி ஒன்றியப் பகுதியாக இருக்க வேண்டுமா என்று கருத்து வாக்கெடுப்பு நடந்தது. சேர்வதற்குப் பூ சின்னம். தனித்திருப்பதற்கு என்ன சின்னம் தெரியுமா? இரட்டை இலை! 1,72,191 பேர் தனித்திருக்கவும், 1,38,170 பேர் சேரவும் வாக்களித்தனர். திண்டுக்கல்லில் ஓர் ஆளுக்கு நின்ற இலை, அதற்கு ஆறாண்டு முன்பு கோவாவில் ஒரு கருத்துக்கு நின்றது.

மூன்றாவது நிகழ்ச்சி நம்மைப் போன்ற மலைமக்களுடையது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்ற வழக்கில், 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம், அம்மலையில் வாழும் டோங்கிரியா கோந்து மக்களின் கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. நம் பழனி மலையில் வாழும் பளியருக்கும் அதே சட்டம்தான். அதே கிராம சபைதான்.

குடவோலை கண்ட நாட்டவர் நாம் என்று மேடைதோறும் சொல்கிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது. பெருமைக்குரியதுதான். ஆனால் அதுவும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை, அதிலும் நிலமும் கல்வியும் உடையவரைத் திருவுளச்சீட்டால் எடுக்கும் முறை. பொருளைப் பற்றி ஊரில் உள்ள ஒவ்வொருவரும் கைதூக்கும் உரிமை நமக்குச் சட்டமாக வந்தது, 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தத்தாலும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தாலும்தான்.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் பின்னர்ச் சேர்ந்தன. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்.

என் கையெழுத்து

இனி, தொடக்கத்தில் சொன்ன வெட்கக் கதை. எங்கள் மேல்மலைக் கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது.

2023 அக்டோபர் 2. எனக்குப் பதினெட்டு வயது முடிந்து, வாக்காளர் அட்டையும் கைக்கு வந்திருந்தது. கிராம சபைக்குப் போனேன். வாசலில் ஒரு நீள நோட்டு. வரிசையில் நின்று முதன்முதலாக உறுப்பினராகக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். வரவு செலவு வாசித்தார்கள். மைதானத்தில் வாலிபால் பந்து தட்டும் சத்தம் கேட்டது. போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து என் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டது. அதற்கு இரண்டு மாடு. மாடு மேய்வது ஊர் மந்தையில்.

“ஏண்டா தம்பி, மந்தைய கார் நிறுத்துறதுக்கு விட்டுரலாம்னு கூட்டத்துல எழுதிட்டாகளாமே. நீயும் கையெழுத்துப் போட்டியாமே?”

“நான் வந்ததுக்குத்தான் போட்டேன் அப்பத்தா.”

“என்ன எழுதுனாக?”

மறுநாள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். மந்தைப் புல்வெளியைச் சுற்றுலா வண்டி நிறுத்துமிடமாக்க மேலிடத்தைக் கேட்டுக்கொள்வதென்று தீர்மானம். கீழே ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று இருந்தது. வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். அது என் முகத்தைப் பார்த்தது.

“அந்த ஒரு மனசுல ஓம் மனசும் இருக்கா?”

நண்பர்களே, எத்தனையோ தேர்வுகளில் விடை தெரியாமல் விழித்திருக்கிறேன். அன்றைப்போல் விழித்ததில்லை. கலிபோர்னியாவில் ஒரு வினாவைச் சீட்டில் ஏற்றக் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறார்கள். என் கையெழுத்தை நானே சரிபார்க்கவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கப்பட்டதாகத்தான் சொன்னார்கள். கேட்க நான் அங்கே இல்லை. மந்தையை விட வேண்டும் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. என் சித்தப்பா ஜீப் ஓட்டுகிறவர். சீசனில் வண்டி நிறுத்த இடமில்லாமல் பயணிகள் ஊருக்குள் நிற்காமலே போய்விடுகிறார்கள், பூண்டு விற்கும் பெண்களுக்கும் வியாபாரமில்லை என்பது அவர் வாதம். பூண்டு விலை விழுந்த ஆண்டில் ஜீப் வருமானத்தில்தான் எங்கள் குடும்பமே உண்டது. அதையும் நான் மறக்கலாகாது.

2024 ஜனவரி 26 கூட்டத்துக்கு நாங்கள் இளைஞர்கள் வீடு வீடாகச் சொன்னோம். எங்கள் ஊராட்சிக்கு 100 பேர் வேண்டும். அன்று அதற்கு மேலேயே வந்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பத்தாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. பழைய தீர்மானத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னோம். “அதுதான் முடிஞ்சு போச்சே” என்று ஒருவர் சொன்னார். ஊராட்சிச் செயலர் நல்லவர், வாசித்தார். இருபுறமும் பேசினார்கள். சித்தப்பா பேசினார். அப்பத்தா, “மாட்டுக்குப் பேச வாய் இல்ல, அதான் நான் வந்தேன்” என்றது. பிறகு கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். சாலையோரத்து மேட்டை மட்டும் சீசன் மாதங்களில் வண்டிக்கு விடுவது, மிச்சம் மந்தையாகவே இருப்பது என்று புதுத் தீர்மானம் வந்தது. நோட்டில் அன்று ‘ஒருமனதாக’ என்று எழுதவில்லை. ‘பெரும்பான்மையாக’ என்று எழுதினார்கள். அந்தச் சொல்லில் எனக்கு அதிக மனநிறைவு. எண்ணினால்தானே பெரும்பான்மை தெரியும்!

சித்தப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பொங்கல் செலவுக்கு வாங்கிய கடனைக் கேட்கும் சாக்கில் பேசிவிட்டார்.

நிறையும் குறையும்

அப்படியானால் எல்லாவற்றையும் வாக்குச்சீட்டு வினாவாக்கிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

முதற் குறை, பணம். அமெரிக்காவில் கையெழுத்துத் திரட்டுவதே கூலி வேலையாகிவிட்டது. பெருநிறுவனங்கள் கோடி கோடியாக விளம்பரத்துக்குக் கொட்டுகின்றன. இரண்டாவது, வினாவின் வாசகம். சட்டமொழியில் சுற்றிச் சுற்றி எழுதப்பட்ட வினாவுக்கு ‘ஆம்’ என்றால் வேண்டும் என்று பொருளா, வேண்டாம் என்று பொருளா எனப் படித்தவரே தடுமாறுவர். மூன்றாவது, சிறுபான்மையோர் கதி. ஓர் ஊரில் பத்துப் பளியர் குடும்பம் இருந்து, அவர்கள் தேனெடுக்கும் காட்டைப் பற்றி ஊர் முழுதும் கைதூக்கினால் முடிவு என்னவாகும்? கை எண்ணிக்கையால் உரிமையைப் பறிக்கக் கூடாது. அதற்குத்தான் அரசியலமைப்பும் நீதிமன்றமும் இருக்கின்றன. டாஹோ ஏரிக்கரை ஊரின் முடிவை நீதிமன்றம் தள்ளியதையும் இந்த நோக்கில் எண்ணிப் பார்க்கலாம். நான்காவது, செலவைப் பாராமல் வரியைக் குறைக்கும் ஆசை. 1978-ஆம் ஆண்டு வினா அதற்குச் சான்று.

ஆனால் நிறை ஒன்று உண்டு. அது எல்லாக் குறைகளுக்கும் ஈடு நிற்கும். ஆளைக் கேட்கும்போது நாம் சாதியைப் பார்க்கிறோம், கட்சியைப் பார்க்கிறோம், சின்னத்தைப் பார்க்கிறோம். பொருளைக் கேட்கும்போது மந்தையைப் பார்க்கிறோம், மாட்டைப் பார்க்கிறோம், ஜீப்பைப் பார்க்கிறோம். என் சித்தப்பாவும் அப்பத்தாவும் தேர்தலில் ஒரே சின்னத்துக்கு வாக்களிப்பவர்கள். மந்தை வினாவில் எதிரெதிரே நின்றார்கள். அவர்கள் மனத்தில் இருந்ததை எந்தப் பொதுத்தேர்தலும் வெளியே கொண்டுவந்திருக்காது.

கிராம சபையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அதன் தீர்மானம் மேலே போக வேண்டும். எங்கள் மந்தைத் தீர்மானமும் போயிருக்கிறது. ஆணை இன்னும் வரவில்லை. வரும்வரை மாடு மேய்கிறது.

நண்பர்களே, நம் கல்லூரியில் மலையிலிருந்து இறங்கிவந்து படிப்பவர் பலர். விடுமுறைக்கு ஊர் போகும்போது அந்த ஆறு நாள்களில் ஒன்று வந்தால், கிராம சபையில் போய் உட்காருங்கள். நோட்டை நீட்டினால், “என்ன எழுதப்போகிறீர்கள்?” என்று முதலில் கேளுங்கள். கேட்டபின் கையெழுத்திடுங்கள். கூட்டம் முடியும்வரை இருங்கள். வாலிபால் மாலையிலும் ஆடலாம். ஊர் கூடினால்தான் தேர் நகரும். எந்தத் தெருவில் நகர வேண்டும் என்பதையும் ஊரே சொல்ல வேண்டும் அன்றோ?

என் நண்பனுக்கு இடைக்காலத் தேர்தல் இப்போது விளங்கிவிட்டது. “ஓட்டுச் சீட்டிலேயே கேள்வி கேட்கிறானா? நமக்கு அப்படி ஒன்றும் இல்லையே” என்று வருத்தப்பட்டான். இருக்கிறது என்று சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு அவனையும் எங்கள் ஊருக்கு அழைத்துப் போகிறேன். அவன் அங்கே கைதூக்க முடியாது. ஆனால் அப்பத்தாவைப் பார்க்கலாம்.